இந்த விலைக்கு இதான் சேர்



விடுமுறையில் எழுதுவோம் என்று ஒதுக்கி வைத்திருந்த விடயம். கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் வாகனப் பேச்சு ஓய்வதே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தார்கள். இடையில் ஓடித் தேய்ந்த அல்டோவும் வெகன்ஆரும் வருடத்துக்கு வருடம் விலை ஏறின. நெல் பழசானால் விலை இறங்கும், கார் பழசானால் விலை ஏறும் என்ற புதுப் பொருளியலை அப்போதுதான் நாம் கண்டோம். இப்போது திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சின்னக் காரின் விலை ஓர் ஆசிரியரின் பல வருடச் சம்பளம். ஆகவே பேச்சு மட்டும் நடக்கிறது, வாங்குவது குறைவு.

பேச்சில் இரண்டு கட்சி. ஒன்று, "ஜப்பான் ரீகண்டிஷன்தான், மற்றதெல்லாம் தகரம்." மற்றது, "இஞ்ச பொருத்துற புது வாகனம் எடுத்தா வரண்டியும் இரிக்கி, நம்மட நாட்டுப் பொடியன்மாருக்கு வேலையும் இரிக்கி." இரண்டாவது கட்சியில் உறுதியாக இருந்த சேர் ஒருவர், இறக்குமதித் தடை இருந்த காலத்தில் லீசிங் போட்டு உள்ளூரில் பொருத்திய வாகனம் ஒன்றை எடுத்தார். எந்தக் கம்பனி என்று இங்கே எழுதப்போவதில்லை, கொமென்ட்டிலும் கேட்காதீர்கள்.

மாரி மழை தொடங்கியது. டிக்கிக்குள் ஒன்பதாம் ஆண்டு பிள்ளைகளின் மூன்றாம் தவணை விடைத்தாள் கட்டு இருந்தது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் டிக்கியின் ஒரு மூலையில் தண்ணீர். கட்டின் அடியில் இருந்த பத்துப் பதினைந்து பிள்ளைகளின் மை கரைந்து ஓடிவிட்டது. அவரும் மனைவியும் இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் தாள்களைப் பரப்பி வைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். வாசிக்க முடியாத தாள்களுக்குப் பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டு, கேள்விகளை வாயால் கேட்டுப் புள்ளி போட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எங்களுக்குப் பிடிக்கும்.

காட்சியறைக்குப் போய்ச் சொன்னாராம். நல்ல மரியாதையாகக் கதிரை போட்டு, பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து, கடைசியில் சொன்ன பதில்: "இந்த விலைக்கு இதான் சேர். ஜப்பான் வாகனம் மாதிரி எதிர்பார்க்கேலாது."

இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதைக் கேட்டதும் முதலாவது கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். எங்களில் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளூர் உற்பத்தி எங்கெங்கே தோற்றதோ அங்கெல்லாம் இந்தப் பதில் முன்னால் போயிருக்கிறது. எங்கே வென்றதோ அங்கே யாரோ ஒருவர் இதைச் சொல்லவிடாமல் தடுத்திருக்கிறார்.

உயர்தரப் பொருளியல் வகுப்பில் "குழந்தைக் கைத்தொழில்" வாதம் என்று ஒன்று படிப்பிக்கிறோம். புதிதாகப் பிறந்த கைத்தொழிலை வெளிநாட்டுப் போட்டியிலிருந்து தீர்வை போட்டுக் காப்பாற்ற வேண்டும், வளர்ந்த பிறகு மதிலை இறக்கலாம் என்பது அதன் சாரம். பிள்ளைகள் பந்தி பந்தியாக எழுதிப் புள்ளி எடுப்பார்கள். ஆனால் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று யார் சொல்வது, எப்போது சொல்வது என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. பாடப்புத்தகத்திலும் அதற்குச் சரியான விடை இல்லை. அதனால் வகுப்பில் மலேசியாவைத்தான் எடுப்போம். நமது ஆட்களுக்கு மலேசியா என்றால் ஒரு தனிப் பாசம். மகாதீர் கார் செய்தார், முஸ்லிம் நாடு ஒன்று கார் செய்தது என்று நமது வாப்பாமார் தேநீர்க்கடையில் பெருமை பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெருமை இருக்கட்டும், கணக்கையும் பார்ப்போம்.

1983இல் புரொட்டோன் கம்பனி தொடங்கியது. 1985 ஜூலையில் முதல் கார், புரொட்டோன் சாகா. பெயரைப் போட்டி வைத்துத் தெரிந்தார்கள். சாகா என்றால் நமது மஞ்சாடி விதை. அந்தக் காலத்துத் தட்டார்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்தியது, சிவப்பாக, ஒன்றுக்கொன்று எடை மாறாமல் இருக்கும் விதை. நல்ல பெயர். காரின் உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர். ஜப்பான்காரன் பங்காளி, ஷா ஆலமில் தொழிற்சாலை, வெளிநாட்டுக் காருக்குப் பெரும் தீர்வை, தேசியக் காருக்குச் சலுகை. விளைவு, தொண்ணூறுகளில் அந்த நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் புரொட்டோன்.

இதே மதிலுக்குள் 1993இல் இன்னொரு பிள்ளை பிறந்தது. பெரோடுவா. 1994இல் அதன் முதல் கார் கன்சில். கன்சில் என்றால் சருகுமான். டைஹட்சு மீராவை வைத்துச் செய்த மிகச் சின்னக் கார். புரொட்டோனுக்குப் போட்டியாக வராமல், மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு ஏறுகிற குடும்பத்துக்கென்று விட்டார்கள். மூத்தவன் கோட் சூட் போட, இளையவன் சாரம் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன கதை.

ஒரே நாடு, ஒரே மதில், ஒரே வகையான சலுகை. 2006இல் இளையவன் விற்பனையில் மூத்தவனை முந்தினான், அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 2016 வரும்போது புரொட்டோனின் பங்கு எட்டில் ஒன்று என்ற அளவுக்குக் கீழே விழுந்திருந்தது. அந்த வருடம் மலேசிய அரசாங்கம் 150 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது, வெளிநாட்டுப் பங்காளி ஒருவரைத் தேடிப் பிடி என்ற நிபந்தனையோடு. 2017இல் சீனாவின் ஜீலி 49.9 வீதத்தை வாங்கியது. பெரோடுவாவோ 2024இல் மட்டும் 3 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல் கார் விற்றது. அந்த நாட்டில் விற்ற வாகனங்களில் பத்தில் நான்குக்கு மேல்.

மதில்தான் வெற்றிக்குக் காரணம் என்றால் இரண்டும் வென்றிருக்க வேண்டும். மதில்தான் தோல்விக்குக் காரணம் என்றால் இரண்டும் தோற்றிருக்க வேண்டும். ஆகவே மதிலைப் பற்றி மட்டும் சண்டை பிடிப்பவர்கள், திறந்த பொருளாதாரக்காரர்களும் சரி, உள்ளூர்ப் பாதுகாப்புக்காரர்களும் சரி, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மூத்தவன் எங்கே சறுக்கினான்? மலேசியாவில் இருந்து வந்த நமது ஊர்ப் பொடியன்மார் யாரிடமும் புரொட்டோன் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வருவது ஜன்னல் பகிடி. பவர் விண்டோ ஏறாது, ஏறினால் இறங்காது. சுங்கச் சாவடியில் கண்ணாடியை இறக்காமல் கதவைத் திறந்து காசு கொடுப்பவன் புரொட்டோன்காரன் என்று அந்த நாட்டில் ஒரு பகிடி உண்டு. ஒரு சின்ன மோட்டார், ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. வருடக்கணக்காக முறைப்பாடு வந்தது, பெயரே கெட்டுப்போகும் வரை அது ஓயவில்லை. ஏன் என்று நாங்கள் யோசித்தோம். மூத்தவனை விட்டால் வாங்க வேறு நாதி இல்லாத காலத்தில், வரிசையில் நிற்கிறவனின் முறைப்பாட்டுக்குக் கம்பனியில் யாருக்கு அவசரம்?

ஜன்னலைத் திருத்துவதற்குப் பதில் அவர்கள் வேறு கனவு கண்டார்கள். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கினார்கள். 2000இல் தாங்களே வடிவமைத்த வாஜா வந்தது. அதுவரை சரி, படித்து முன்னேறுகிற ஆசைதானே. 2004இல் இத்தாலியின் எம்.வி. அகுஸ்டா மோட்டார் சைக்கிள் கம்பனியை 7 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள். அடுத்த வருடமே அதை விற்றார்கள். விற்ற விலை 1 யூரோ. தட்டுப் பிழை இல்லை, ஒரே ஒரு யூரோதான். பகிடிக்கு இடமான ஜன்னல் மோட்டாருக்கு அந்தப் பணத்தில் எவ்வளவு போயிருந்தால் போதும் என்று கணக்குப் பாடப் பிள்ளைகளிடம் கேட்கலாம்.

இளையவன் என்ன செய்தான்? 2001இல் பெரோடுவாவின் தயாரிப்புப் பகுதியில் 51 வீதத்தை ஜப்பானியப் பங்காளிகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பங்கு டைஹட்சுவுக்கு. அந்த நேரம் அதைத் தேசியத் துரோகம் போலப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் அதை இப்படிப் பார்க்கிறோம். கணக்கைப் பிழை என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை வகுப்புக்குள் கூட்டி வந்தார்கள். ஒரு கதவு சரியாகப் பொருந்தவில்லை என்றால் "இந்த விலைக்கு இதான்" என்று சொல்லிக் கடத்த முடியாது, ஏனென்றால் பெரும்பங்குக்காரன் அதே விலைக்குத் தனது நாட்டில் சரியாகப் பொருத்திக்கொண்டிருக்கிறான்.

வடிவமைப்பிலும் அவர்கள் அவசரப்படவில்லை. முதலாம் ஆண்டில் பிள்ளைக்குப் பார்த்து எழுதக் கொடுப்போம் அல்லவா, அதுபோல. கன்சில் மீராவைப் பார்த்து எழுதியது. 2005இல் வந்த முதல் மைவி டைஹட்சுவையும் டொயோட்டா பாசோவையும் பார்த்து எழுதியது. முன் பம்பரை மாற்றுவது, பின் விளக்கை மாற்றுவது என்று வருடக்கணக்காகக் கை பழகினார்கள். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் வெளித்தோற்றத்தைத்தான் பெரோடுவாவின் சொந்த வடிவமைப்பாளர்கள் வரைந்தார்கள். முதல் காரிலிருந்து எண்ணினால் 23 வருடம். நமது ஊர் வீதியிலும் வீவா எலைட், அக்சியா, பெஸ்ஸா ஓடுகின்றன. ஜப்பான் காரைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்ற ஹாஜியார்மார் சிலரும் மருமகனுக்கு வீவா வாங்கிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறோம். பெயர் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஒருதலையாக எழுதிவிட்டோம் என்று யாரும் நினைக்கக்கூடாது. பெரோடுவாவுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த கம்பனிகளில் நிறையப் பேர் புரொட்டோனுக்காக முதலில் தொழில் பழகியவர்கள். மூத்தவன் பட்ட கடனில் இளையவனும் படித்தான். இன்னொன்று, வாத்தியாரை நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் டைஹட்சுவே பாதுகாப்புப் பரிசோதனைகளில் பல காலம் தில்லுமுல்லு செய்ததாக ஒத்துக்கொண்டு, எல்லா மொடல்களையும் அனுப்புவதை நிறுத்தியது. ஜப்பான் என்றால் மலக்குகள் என்று நினைப்பவர்கள் இதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரொட்டோனும் இப்போது எழும்பிவிட்டது. ஜீலி வந்து 2018 இறுதியில் எக்ஸ்70 விட்ட பிறகு, 2019இல் 1 இலட்சம் கார்களைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தது. மதில் பழைய மதில்தான். உள்ளே இருந்து பிழை சொல்ல ஆள் வந்ததுதான் வித்தியாசம்.

அந்த ஆள் பங்காளியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொரியாவின் ஹுண்டாயை எடுங்கள். அவர்களுக்கும் வீட்டில் மதில் இருந்தது. ஆனால் 1986இல் அமெரிக்காவுக்கு எக்செல் என்ற மலிவுக் காரைக் கொண்டுபோனார்கள். முதல் வருடமே 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது. கொஞ்ச நாளில் கார்கள் பழுதாகத் தொடங்க, தொலைக்காட்சிக் கோமாளிகளின் வாயில் ஹுண்டாய் என்ற பெயர் பகிடியாகிவிட்டது. ஓடி வந்திருக்கலாம், வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் இயந்திரத்துக்கும் கியருக்கும் 10 வருடம் அல்லது 1 இலட்சம் மைல் வரண்டி அறிவித்தார்கள். எல்லோரும் பைத்தியம் என்றார்கள். பழுதானால் இனித் தங்கள் காசு போகும் என்ற நிலையைத் தாங்களே தங்களுக்கு உண்டாக்கிக்கொண்டார்கள். தரம் பற்றிய பேச்சு அப்போது விளம்பரப் பகுதியிலிருந்து கணக்குப் பகுதிக்குப் போய்விட்டது. 2004இல் ஜே.டி. பவர் என்ற அமெரிக்கக் கணிப்பில், புதுக் கார்களின் ஆரம்பத் தரத்தில் ஹோண்டாவோடு சமமாக நின்றார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

நமக்கும் இது புதிதல்ல. 1983இல் விமானத்தோடு காணாமற்போன உபாலி விஜேவர்தன மஸ்டாவும் பியட்டும் இங்கே பொருத்தி விற்றவர். பனாகொடையில் 1982 முதல் லங்கா அசோக் லேலண்ட் இருக்கிறது, நாம் ஏறுகிற பஸ்களில் எத்தனையோ அதன் வழியாக வந்தவை. லோரன்ஸ் பெரேரா 1995இல் தொடங்கிய மைக்ரோ இன்னொன்று. பொல்கஹவெலயில் தொழிற்சாலை. மைக்ரோ பாண்டா என்று நாம் வீதியில் கண்ட கார் சீனாவின் ஜீலி பாண்டா. ஆம், பின்னாளில் புரொட்டோனை வாங்கிய அதே ஜீலி. தொண்ணூறுகளின் கடைசியில்தான் கார் செய்யத் தொடங்கிய அந்தக் கம்பனி 2010இல் சுவீடனின் வொல்வோவையே வாங்கிவிட்டது. நமது வீதியில் சின்னப் பாண்டாவைப் பார்த்துச் "சீனச் சாமான்" என்று நாம் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது அது.

இப்போது நம் அரசாங்கமும் உள்ளூரில் பொருத்துபவர்களுக்கு வரிச் சலுகை கொடுக்கிறது. உள்ளூர்ப் பெறுமதிச் சேர்க்கை இத்தனை வீதம் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. நல்லது. ஆனால் அந்த நிபந்தனை எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ரயர் இங்கே வாங்கினாயா, பட்டரி இங்கே வாங்கினாயா, சீட் இங்கே தைத்தாயா என்று கேட்கிறது. மழை பெய்தால் டிக்கிக்குள் தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லை. வீதம் கூட்டினால் சலுகை, பழுது குறைந்தால் ஒன்றுமில்லை என்றால் எந்த வியாபாரி எதைக் கவனிப்பான்? நாமும் வியாபாரச் சமூகம்தானே, சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கை சின்னது. வரிச் சலுகை எடுக்கிற வாகனத்துக்கு நீண்ட வரண்டியைக் கட்டாயமாக்குங்கள், அதில் கதவு றப்பரும் பெயின்ட்டும் சேர்ந்திருக்கட்டும். வரண்டியில் எத்தனை வாகனம் எதற்காகத் திரும்பி வந்தது என்ற கணக்கை வருடத்துக்கு ஒருமுறை பகிரங்கமாகப் போடச் சொல்லுங்கள். சலுகை எந்த வருடத்தோடு முடியும் என்பதை முதல் நாளே எழுதுங்கள். மக்களின் வரிப்பணத்தில் ஒருவருக்குத் தவணை கொடுத்தால் தவணைப் பரீட்சையும் வைக்கத்தானே வேண்டும்.

முழுக் கார் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. எங்களுக்குள்ளே இதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு கோடிச் சொச்சம் சனத்தொகைச் சந்தை காணாது என்பது ஒரு பக்கம். நம்மைவிட எத்தனையோ மடங்கு வசதியான அவுஸ்திரேலியாவே 2017இல் கடைசிக் கார்த் தொழிற்சாலையை மூடிவிட்டது, அவர்களின் கார்கள் தரம் குறைந்தவையும் அல்ல. மறுபக்கம், உதிரிப்பாகத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. போர்க்லிப்டுகளுக்குப் போடுகிற திண்ம ரயர் ஏற்றுமதியில் இலங்கை உலகின் முன்வரிசை நாடு. ஜப்பான் கார்களின் எயார்பேக், சீட் பெல்ட் உணரிகளை இந்த நாட்டுத் தொழிற்சாலையில் நமது பெண்பிள்ளைகள் செய்து அனுப்புகிறார்கள். எயார்பேக் உணரி ஒன்று பிழைத்தால் ஆள் மௌத். அந்த வேலையில் பிழையில்லாமல் இருக்கிற அதே கை, உள்ளூர்க் காருக்கு றப்பர் ஒட்டும்போது மட்டும் ஏன் வளைகிறது? வாங்குபவன் ஜப்பான்காரன் என்றால் அவன் பெட்டியையே திருப்பி அனுப்புவான். வாங்குபவன் நம்மட சேர் என்றால் பிஸ்கட் கொடுத்து அனுப்பலாம்.

இதில் நம் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைப் பாருங்கள். ஒரு சாராருக்கு இந்தியச் சாரம்தான் சாரம், நம் ஊரில் நெய்ததை விரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு சாரார் "பாவம், நம்மட ஆக்கள்" என்று வாங்குவார்கள், சாயம் போனாலும் வாய் திறக்கமாட்டார்கள், அடுத்த முறை சத்தமில்லாமல் கடையை மாற்றிக்கொள்வார்கள். நெசவாளிக்கு இரண்டு பேராலும் பிரயோசனம் இல்லை. முதலாமவர் வாங்கவில்லை, இரண்டாமவர் சொல்லவில்லை. "சாயம் போகுது, மாத்தித் தாங்க, அடுத்த தடவையும் உங்ககிட்டதான் வருவன்" என்று சொல்கிற மூன்றாவது ஆள்தான் அவருக்குத் தேவை. அந்த மூன்றாவது ஆள் நம் ஊரில் மிகக் குறைவு. சண்டைக்காரன் என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம்.

நம் சேர் அந்த மூன்றாவது ஆளாக இருக்கப் பார்த்தார். கதையின் மீதியைச் சொல்கிறோம்.

காட்சியறையின் பதில் வந்ததும் வாகனத்தை விற்றுத் தொலைத்துவிட்டு ரீகண்டிஷனுக்குப் போங்கள் என்று ஓய்வறை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் கேட்கவில்லை. கடிதம் எழுதினார். எந்த மூலை, எவ்வளவு மழைக்குப் பிறகு, எத்தனை அங்குலத் தண்ணீர் என்று விஞ்ஞான செய்முறை அறிக்கை போல எழுதி, படமும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒரு மாதம் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, கொழும்புக்குக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போய் வர எரிபொருளும் லீவும் யார் கொடுப்பது?

கடைசியில் பிரதான வீதியில் உள்ள காக்காவின் கராஜுக்குக் கொண்டுபோனோம். எங்களில் மூன்று பேர் கூடவே போனோம், வேடிக்கை பார்க்க. காக்கா டிக்கியைத் திறந்து, விரலால் றப்பரைச் சுற்றித் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். றப்பர் பீடிங் இரண்டு முனையும் சேருகிற இடம். ஒரு முனையை அரை விரல்கடை குறைத்து வெட்டி, இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டதும் சுருங்கி இடைவெளி வந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் இருந்து வந்த ஒரு சுருளிலிருந்து அளந்து வெட்டி, அரை மணித்தியாலத்தில் மாற்றிக் கொடுத்தார். கூலியோடு 2,500 ரூபா. வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை.

காசை வாங்கிக்கொண்டே காக்கா சொன்னார்: "இந்த மொடல்ல இதோட நாலாவது வாகனம் சேர் எனக்கு வாற. நாலுலயும் இதே மூலதான்."

"கம்பனிக்காரங்க ஆராவது வந்து உங்ககிட்ட கேட்டாங்களா காக்கா?"

கையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்னட்ட ஆரு சேர் வந்து கேட்ட?"

வெட்டி எடுத்த பழைய றப்பரைச் சேர் வீசவில்லை. ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மூன்றாவது கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். இந்த முறை காட்சியறைக்கு அல்ல, தொழிற்சாலை முகவரிக்கு. தபாலில் சேர்த்து இன்றோடு பதினொரு நாள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறோம்.